அலுமாரியில் பூட்டிய காது

றஜிதா என்ற பேரை உதயகலா முதன்முதல் கேட்டது கலியாணம் பேச வந்த செபநாயகத்தின் வாயால். செபநாயகம் வட்டுக்கோட்டையார், வேதக்காரர். ஆனாலும் வலிகாமத்துச் சைவக் குடும்பங்களின் குறிப்பெல்லாம் அவருக்கு வாய்ப்பாடம். மாப்பிள்ளை சுதாகரனின் குணம், கைதடியில் தாய்வழிக் காணி, செவ்வாய் இல்லாத சாதகம் எல்லாம் சொல்லி முடித்து, தேத்தண்ணியையும் குடித்து, கதிரையை விட்டு எழும்பிச் செருப்பையும் காலில் மாட்டின பிறகுதான் அதைச் சொன்னார்.

"ஒரு தங்கச்சி இருக்கு. றஜிதா எண்டு பேர். காது கொஞ்சம் மந்தம். மற்றப்படி ஒரு கரைச்சலும் இல்லாத பிள்ளை."

"கொஞ்சம் எண்டா எவ்வளவு?" என்று உதயகலாவின் தாய் பாலேஸ்வரி கேட்டாள்.

"கிட்ட நிண்டு கத்தினாக் கேக்கும், அக்கா."

பாலேஸ்வரி அவரைப் படலை மட்டும் வழியனுப்பிவிட்டு வந்து மகளுக்குச் சொன்னாள்: "செய்யடி பிள்ளை. வாய் நீண்ட மச்சாள்மாராலை ஊரிலை எத்தினை குடும்பம் பிரிஞ்சு கிடக்கு. உனக்குக் காது கேளாத மச்சாள். உன்ரை அதிட்டம்."

உதயகலா சிரித்தாள். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. அது சண்டை ஓய்ந்திருந்த காலம், பாதை திறந்து சாமான் வந்த காலம். அச்சுவேலியில் கல்வீடும் வளவும் அவளுக்குச் சீதனமாக எழுதினார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்தான். மச்சாள் தாயோடு கைதடியில் நின்றுவிட்டாள். ஏழு வருஷம் நல்லது கெட்டதுக்கு மட்டும் கண்டுகொண்டார்கள்.

றஜிதாவின் காது பிறவியில் போனதல்ல. நாலு வயதில் சின்னமுத்துக் காய்ச்சல் வந்தது. போகிறபோது இரண்டு காதிலும் சீழை வைத்துவிட்டுப் போனது. தாய் உள்ளியை நல்லெண்ணெயில் காய்ச்சி விட்டாள். வேப்பெண்ணெய் விட்டாள். சீழ் நிற்பதும் வருவதுமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். ஐந்தாம் வகுப்போடு தாய் மறித்துவிட்டாள். இரண்டாயிரத்தில் சண்டைக்குத் தென்மராட்சி முழுக்க எழும்பி ஓடினபோது மருந்தும் விட்டுப்போனது. பேந்து பெரியாசுப்பத்திரியில் இரண்டு தரம் வெட்டிக் காதுக்குப் பின்னால் எலும்பைச் சுரண்டித் துப்புரவாக்கினார்கள். "உள்ளுக்கு நரம்பு நல்லாயிருக்கு அம்மா, வாசல்தான் போயிட்டுது" என்றாராம் டொக்டர். காதோட்டைக்குள் வைக்கிற மெசினை வைத்தால் திரும்பவும் சீழ் வரும். ஆகவே அவள் வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கப் பழகினாள். அவளுடைய குரல் மேடு பள்ளம் இல்லாத குரல், பலகையில் கதைக்கிறது போல.

தாய் செத்த முப்பத்தோராம் நாள் முடிய, சுதாகரன் தங்கச்சியை ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு கைமெசினோடும் கூட்டிக்கொண்டு வந்தான். தைக்கத் தெரிந்த பிள்ளை. உதயகலா படலையில் நின்று பார்த்தாள். அவளுக்குப் பிள்ளை ஒன்றும் தங்கவில்லை. மூன்று தரம் வந்து மூன்று தரம் போனது. தன் சீதன வீட்டுக்குள் இன்னொரு பெண் பெட்டியோடு வருவது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆனால் வேலைக்கு ஆள் தேவையாக இருந்தது. தோட்டத்திலிருந்து வெங்காயம் வீட்டுக்கு வந்தால் வாசல், விறாந்தை, குசினி எல்லாம் வெங்காயம்தான்.

அந்த வெங்காயத்தாலேயே அவள் மச்சாளைக் கூப்பிடப் பழகினாள். கத்தினால் தொண்டை நோகும். கிட்டப் போனால் கால் நோகும். கைக்கு எட்டினதில் ஒன்றை எடுத்து எறிவாள். முதுகில் ஒன்று விழுந்தால் வா. இரண்டு விழுந்தால் உடனே வா. குறி தவறாத கை.

"உதேன் எறியிறாய்?" என்று சுதாகரன் ஒருநாள் கேட்டான்.

"பின்னை, தந்தி அடிக்கிறதே?"

பெண்சாதி வீட்டில் இருக்கிற ஆம்பிளை எவ்வளவு கதைக்கலாம் என்பது அவனுக்குத் தெரியும். றஜிதா விழுந்த வெங்காயத்தைக் குனிந்து பொறுக்கிச் சுளகில் போட்டுவிட்டு வருவாள். "இதை ஆயாமல் எறிஞ்சிட்டியள், மச்சாள், அழுகல்" என்று சில நேரம் சொல்லுவாள். அவளுக்கும் வாயில்லாமல் இல்லை.

றஜிதாவின் தாயின் தம்பி தம்பிராசா கனடாவில் இருந்தார். அவருக்குத் தமக்கை செத்ததற்கு வரமுடியாமல் போன மனக்கவலை. அந்தக் கவலையைத் தீர்க்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தவருக்கு அங்கே யாரோ எலும்பு வழியாகக் கேட்கவைக்கிற ஒரு சாமானைப் பற்றிச் சொன்னார்கள். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் அவர் எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணினார். கொழும்பில் வைத்து வலது காதுக்குப் பின்னால் தோலைத் திறந்து, எலும்பில் ஒரு சின்னச் சாமானைப் பூட்டித் தோலை மூடித் தைத்தார்கள். உள்ளே காந்தம். வெளியே, பெரிய கோட்டுப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக இன்னொன்று, அதிலும் காந்தம். இரண்டும் தோலுக்கு மேலும் கீழும் நின்று ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். வெளியே இருக்கிறது சத்தத்தை வாங்கி மண்டை எலும்புக்குக் கொடுக்கும், எலும்பு நரம்புக்குக் கொடுக்கும். போன வாசல் போனதுதான். இது சுவரைத் தட்டிக் கதைக்கிற வேலை.

காயம் ஆற ஒரு மாதம் விட்டு, யாழ்ப்பாணம் ரவுணில் காது பார்க்கிற இடத்தில் வெளிச்சாமானைக் கொடுத்தார்கள். அங்கே வேலை செய்கிற தர்சிகா என்ற பிள்ளை விளக்கம் சொன்னாள். றஜிதாவுக்கு இன்னும் பூட்டவில்லை, ஆகவே சொன்னதெல்லாம் உதயகலாவுக்கு. உதயகலா உயர்தரம் படித்தவள். நன்றாக விளங்கிக்கொள்ளக் கூடியவள்.

"குளிக்கேக்கை, படுக்கேக்கை கழட்டவேணும், அக்கா. தண்ணி, வேர்வை, புகை ஆகாது. கழட்டினா இந்தப் பெட்டிக்குள்ளை வைக்கவேணும், ஈரத்தை உறிஞ்சிற மருந்து இருக்கு. பற்றரியிலை ஒட்டுத்தாள் இருக்கு, உரிச்சுப்போட்டு ஒரு நிமிஷம் காத்துப்பட விட்டிட்டுப் பூட்டுங்கோ. உரிச்சதைத் திருப்பி ஒட்டிப் பிரயோசனம் இல்லை. சீலையிலை இந்த நூலைக் கொழுவி விட்டா விழுந்தாலும் துலையாது."

"சரி."

"அடிக்கடி விழுந்தா அந்த இடத்திலை தலைமயிரைக் கட்டையா வெட்டுங்கோ. உங்கடை மாமா பெலமான காந்தம் ஒண்டும் வாங்கி அனுப்பியிருக்கிறார். அது இப்ப வேண்டாம். எங்களைக் கேக்காமல் மாத்தாதைங்கோ. தோலை நெரிக்கும். நாளாந்தம் கழட்டித் தோலைப் பாருங்கோ. சிவந்திருந்தா, நொந்தா, உடனை கழட்டிப்போட்டு இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ. விட்டா அந்த இடம் அழுகி, உள்ளுக்கு இருக்கிறதையும் எடுக்கவேண்டி வரும்."

"சரி, பிள்ளை."

"மற்றது, ஒவ்வொருநாளும் போடவேணும். போட்டாத்தான் பழகும்."

எல்லாவற்றையும் ஒரு கடுதாசியிலும் எழுதிக் கொடுத்தாள். பிறகு றஜிதாவின் காதுக்குப் பின்னால் அதை வைத்தாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது. றஜிதா கதிரையை இறுக்கிப் பிடித்தாள். விசிறி சுற்றுகிற சத்தத்துக்கு மேலே பார்த்தாள். வெளியே ஓட்டோ ஒன்று போனதற்குத் திரும்பினாள்.

"என்னடி, கேக்குதே?" என்றாள் உதயகலா.

றஜிதா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மச்சாள், உங்கடை குரல் உதே?"

"பின்னை ஆற்றை?"

"நான் வடிவாயிருக்குமெண்டு நினைச்சிருந்தன்."

தர்சிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உதயகலா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "குசினிக்குள்ளை போறாய், புகை. கழட்டு" என்று கையை நீட்டினாள். வாங்கித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து, இரும்பு அலுமாரியைத் திறந்து, தாலிக்கொடியும் அட்டியலும் காப்பும் இருக்கிற தட்டில் வைத்துப் பூட்டினாள். மற்றக் காந்தத்தை அதற்குக் கீழ்த்தட்டில் போட்டாள். கடுதாசியை நகைப்பெட்டிக்கு அடியில் செருகினாள். திறப்பு அவளுடைய அரைஞாணில் தொங்கியது.

அன்றைக்கு வைத்ததுதான் சட்டம். அந்தச் சாமான் நகையோடு சேர்ந்துவிட்டது. நல்லூர்த் தேருக்கு வெளியே வந்தது. கலியாண வீட்டுக்கு, சாமத்தியச் சடங்குக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை தம்பிராசா மாமா போனில் முகம் பார்த்துக் கதைக்கிற நேரம் வந்தது. கதைத்து முடிந்தால் திரும்பவும் உள்ளே.

"அது அவளுக்கு வந்தது தானே, கலா. அவள் போடட்டுமன்" என்று சுதாகரன் சொல்லிப்பார்த்தான்.

"தாலிக்கொடியும் எனக்கு வந்தது தான். அதைப் போட்டுக்கொண்டே நான் வெங்காயம் நுள்ளுறன்? வில்லங்கமான சாமான். பழுதாப்போனா மாமாவுக்கு நீங்களே பதில் சொல்லுவியள்?"

விலை கூடினதைப் பூட்டித்தான் வைக்கவேண்டும் என்று அவனுக்கும் தாய் தகப்பன் பழக்கியிருந்தார்கள். ஊரிலும் யாரும் அதைப் பிழையென்று சொல்லவில்லை. "கலா எண்டபடியால் கவனமா வைச்சிருக்கிறாள்" என்று சொன்னார்கள்.

உரித்த ஒட்டுத்தாளை உதயகலா ஒவ்வொரு ஞாயிறும் திருப்பிப் பற்றரியில் ஒட்டி வைத்தாள். அடுத்த ஞாயிறு பற்றரி அரை உயிரில் இருக்கும். கதை நடுவில் செத்துப்போகும். றஜிதா அப்போதும் போனைப் பார்த்துத் தலையாட்டுவாள். "ஓம் மாமா, வடிவாக் கேக்குது மாமா." அவள் பின்னால் உதயகலா நிற்பாள். தம்பிராசாவுக்குக் கண் கலங்கும்.

வெளிச்சாமான் அலுமாரியில் இருந்தாலும் உள்ளிருந்த காந்தம் றஜிதாவின் தலையில்தானே இருந்தது. அதற்கும் உதயகலா ஒரு பிரயோசனம் கண்டுபிடித்தாள். கலியாண வீட்டுக்குச் சீலை உடுக்கும்போது, "இஞ்சை வா, நில்" என்று மச்சாளைப் பக்கத்தில் நிறுத்துவாள். சட்டை ஊசிகளை ஒவ்வொன்றாக அவளுடைய காதுக்குப் பின்னால் ஒட்டி வைப்பாள். சீலையை மடித்துக் கொய்யகம் பிடிக்கப் பிடிக்க, தலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் குத்துவாள். வந்திருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி கரண்டியைக் கொண்டுவந்து ஒட்டுமோ என்று பார்த்தாள். ஒட்டவில்லை. "பாரம் தாங்காது, அக்கா, மாமா மலிவுக் காந்தம் போட்டிட்டார்" என்றாள் உதயகலா. றஜிதா மேசைக்குப் பக்கத்தில் மேசை போலவே நின்றாள்.

நாலு வருஷம் இப்படி.

உதயகலா பிரசர்க் குளிசையை விருப்பப்பட்டால் போடுவாள், இல்லாவிட்டால் விடுவாள். இரண்டாயிரத்து இருபத்துமூன்று மாசியில் ஒரு காலமை, கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றவள் அப்படியே சாய்ந்தாள். இடது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. வலது கை வழங்கியது. பேச்சு வந்தது, ஆனால் குழைந்த பேச்சு, சத்தம் இல்லாத பேச்சு. பாலேஸ்வரி அதற்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஆசுப்பத்திரியில் அடையாள அட்டை கேட்டார்கள். சுதாகரன் பெண்சாதியின் அரையிலிருந்து திறப்பைக் கழற்றிக்கொண்டு வந்து அலுமாரியைத் திறந்தான். அட்டையை எடுத்தான். தட்டில் இருந்த பெட்டியை எடுத்துத் தங்கச்சியிடம் நீட்டினான். "இந்தா. உன்ரை சாமான்" என்றான். நாலு வருஷத்தில் அவன் செய்த ஒரே காரியம் அது. கடுதாசி நகைப்பெட்டிக்கு அடியிலேயே கிடந்தது. அவனுக்கு அதைப் பற்றித் தெரியாது.

உதயகலாவை வீட்டுக்குக் கொண்டுவந்து அறைக் கட்டிலில் கிடத்தினார்கள். அன்றிலிருந்து அவளை எடுத்ததும் கிடத்தினதும் றஜிதாதான். கழுவினாள், துடைத்தாள், சோறு தீத்தினாள். காதுக்குப் பின்னால் அந்தச் சாமானோடு திரிந்தாள். முற்றத்தில் புலுனிக் குருவி கத்தினால் நின்று கேட்டாள். சட்டியில் கடுகு வெடித்தால் சிரித்தாள். தபாற்காரனோடு படலையில் நின்று கதைத்தாள். கட்டிலில் கிடந்தபடி உதயகலா எல்லாவற்றையும் பார்த்தாள். குழைந்த வாயால் ஒரு சொல் முனகினாலும், "என்ன மச்சாள்?" என்று றஜிதா அறைவாசலில் வந்து நின்றாள்.

ஒருநாள் ஒரு சுளகு வெங்காயத்தைக் கொண்டுவந்து கட்டிலின் வலது பக்கத்தில் வைத்தாள்.

"உதேன்?" என்றாள் உதயகலா.

"நான் குளிக்கேக்கை கழட்டி வைச்சிடுவன். அப்ப ஏதும் தேவையெண்டா எறியுங்கோ. உங்களுக்குப் பழக்கம் தானே."

சொல்லிவிட்டுச் சிரிக்காமல் போனாள். உதயகலா அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

ஆனால் படுக்கும்போது றஜிதா அதைக் கழற்றுவதில்லை. "படுக்கேக்கை கழட்டவேணும்" என்று உதயகலா அவளுக்கு முன்னமே சொல்லியிருந்தாள். அலுமாரிக்குள் வாங்கி வைக்கிற நேரமெல்லாம் சொன்ன சட்டம் அது. "இப்ப கழட்டினா நீங்கள் கூப்பிடுறது எனக்கு எப்பிடிக் கேக்கும்? ஒருக்கால் கட்டிலாலை விழுந்தும் போனியள்" என்றாள் றஜிதா. அது உண்மைதான். ஒருநாள் விடியப்புறம் பக்கத்து மேசையில் இருந்த தண்ணியை எடுக்கப்போய் உதயகலா விழுந்தாள். விழுந்த சத்தத்துக்கு முதலாவதாக ஓடிவந்தது அந்தக் காதுதான்.

அடுத்த வருஷம் வைகாசியில் லவீனா வந்தாள். லவீனா ஆரென்றால், கலியாணம் பேசிய செபநாயகத்தின் கடைசி மகள். வட்டுக்கோட்டையில் தையல் நிலையம் நடத்துகிறாள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் தைத்து நாலைந்து கடைகளுக்குக் கொடுக்கிறாள். தகப்பன் செய்துவைத்த கலியாணம் என்று வருத்தம் பார்க்க வந்தவள், உதயகலாவின் தலைக்குக் கீழே கிடந்த தலையணை உறையைப் பார்த்தாள். விளிம்பைத் திருப்பித் தையலைப் பார்த்தாள்.

"இதார் தைச்சது?"

"நான்தான் அக்கா. கைமெசினிலை."

"ஊசி விட்ட இடம் தெரியேல்லை. எடி, நீ என்ன இஞ்சை சட்டி கழுவிக்கொண்டு நிக்கிறாய்? என்னட்டை வேலை செய்யிற பிள்ளையொண்டு ஆவணியோடை வெளிநாடு போகுது. அந்த மெசின் உனக்கு. தங்கிறதுக்கும் அறை இருக்கு."

"எனக்குக் காது..."

"இப்ப நான் கதைக்கிறது கேக்குது தானே? எனக்கு அவ்வளவுதான் வேணும். கரண்டு மெசின் பக்கத்திலை காது கேக்காத ஆள் இருந்தா நான் பயப்பிடுவன். நீ அதைப் போட்டுக்கொண்டு வா."

றஜிதா தமையனைப் பார்த்தாள். சுதாகரன் வாசலில் நின்றான். "போ" என்றான். "கலாவுக்கு நான் சம்பளத்துக்கு ஒரு மனிசியைப் பிடிக்கிறன். நீ போ."

உதயகலா கண்ணை மூடிக்கொண்டு நித்திரை போலக் கிடந்தாள். ஒரு சொல்லும் தப்பாமல் கேட்டாள். சம்பளத்துக்கு ஒரு மனிசி. யார் எவளென்று தெரியாதவள், தன்னைத் திருப்புவாள், உரிவாள், கழுவுவாள். வெளியே போய்ச் சந்தையில் நின்று சொல்லுவாள். அவளுடைய கை முரட்டுக் கையாக இருக்கும். கூப்பிட்டால் வரமாட்டாள். ஆவணிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அன்றிலிருந்து உதயகலாவுக்கு வேறு நினைவில்லை: இவள் போகக்கூடாது.

ஆனியில், றஜிதா உதயகலாவைத் தூக்கி நிமிர்த்துகிறபோது அந்தச் சாமான் கழன்று அவளுடைய நெஞ்சில் விழுந்தது.

"ஒரு நாளைக்குப் பத்துத்தரம் விழுகுது, மச்சாள்" என்று றஜிதா அதை எடுத்துத் துடைத்தாள். உதயகலாவின் வாயைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "குனிஞ்சா விழுகுது. தையல் மெசினிலையும் குனிஞ்சுதானே இருக்கவேணும்? விழுந்தா என்ன செய்யவேணுமெண்டு தர்சிகா உங்களுக்கு ஏதும் சொன்னவவே?"

தர்சிகா சொன்னதெல்லாம் உதயகலாவுக்கு நினைவிருந்தது. தலைமயிரைக் கட்டையாக வெட்டவேண்டும். கேட்காமல் காந்தத்தை மாற்றக்கூடாது.

"அலுமாரியிலை கீழ்த்தட்டிலை மற்றக் காந்தம் கிடக்கு" என்றாள், ஒவ்வொரு சொல்லாக, வாயை நன்றாக அசைத்து. "விழுந்தா அதை மாத்தச் சொன்னவ."

றஜிதா எடுத்து மாற்றினாள். இப்போது அது விழவில்லை. அட்டை போலப் பிடித்தது. தலையை ஆட்டிப்பார்த்தாள், குனிந்து பார்த்தாள். சந்தோஷத்தில் உதயகலாவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். இருபது வருஷத்தில் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல்.

ஆனி முடிவில் அந்த இடம் சிவந்திருந்தது. தீத்துகிறபோது றஜிதா குனிவாள்; குனிகிறபோது காதுக்குப் பின்பக்கம் உதயகலாவின் கண்ணுக்கு நேரே வரும். இரண்டு விரல் தூரம். தன் தோலைத் தானே பார்க்கமுடியாத இடம் அது, கண்ணாடியிலும் தெரியாது. பார்க்கக்கூடிய ஒரே ஆள் உதயகலா. சோற்றை மென்றுகொண்டு பார்த்தாள்.

ஆடி பிறந்தபோது றஜிதாவே கேட்டாள். "இதிலை நோகுது, மச்சாள். தொட்டா கொதிக்குது. பாருங்கோ, ஏதும் கிடக்கே?" தலையைத் திருப்பிக் காட்டிவிட்டு, பதிலுக்காக அவளைப் பார்த்தாள்.

"ஒண்டுமில்லை" என்றாள் உதயகலா.

"தர்சிகாவட்டை ஒருக்காப் போய்க் காட்டட்டே?"

"போனா அவை கழட்டி வைச்சிடுவினம். பேந்து ஆவணிக்கு எப்பிடிப் போவாய்? புதுச் செருப்புக் கடிக்கிறதில்லையே? பழகப் பழகச் சரியா வந்திடும். மஞ்சளைக் குழைச்சுப் பூசு."

றஜிதாவின் முகத்தில் பயம் வந்தது. கழட்டி வைத்துவிடுவார்கள் என்ற ஒரு சொல் அவளுக்குப் போதும். அந்தப் பெட்டி அலுமாரிக்குள் போனால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா. அவள் மஞ்சள் பூசினாள். மேலே அதை ஒட்டினாள். படுக்கும்போதும் ஒட்டினாள். உதயகலா கூப்பிட்டால் கேட்கவேண்டும் அல்லவா.

ஆடியமாவாசைக்கு விரதச் சமையல். கறி மணத்துக்குள் இன்னொரு மணமும் இருந்தது. சுதாகரன் சாப்பிட இருந்தவன் எழும்பித் தங்கச்சிக்குக் கிட்ட வந்தான். "என்ன மணக்குது உன்னட்டை?" என்றான். அவள் மறித்தாள். அவன் கையை விலக்கிவிட்டு அந்தச் சாமானை இழுத்தான். அதோடு சேர்ந்து தோலும் வந்தது. உள்ளே பூட்டியிருந்தது வெள்ளையாகத் தெரிந்தது.

இலையில் போட்ட சோறு அப்படியே கிடந்தது. ஓட்டோ பிடித்துக் கொண்டு ஓடினான்.

பன்னிரண்டு நாள் ஆசுப்பத்திரி. ஊசி மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். சீழ் எலும்பு வரைக்கும் போய்விட்டது. உள்ளிருந்ததையும் காந்தத்தையும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் இனித் தோல் பிடிக்காது, திரும்பப் பூட்ட ஏலாது என்றார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் உதயகலாவைப் பார்க்கச் சுதாகரன் பக்கத்து வளவிலிருந்து ஒரு மனிசியை விட்டிருந்தான். உதயகலா நினைத்த அதே முரட்டுக் கைதான். "கொஞ்ச நாளைக்குத் தானே" என்று உதயகலா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

பதின்மூன்றாம் நாள் தமையனும் தங்கச்சியும் வந்தார்கள். றஜிதாவின் தலையில் பாதி மயிரை வழித்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். சுதாகரன் நேரே கட்டிலடிக்கு வந்தான்.

"தர்சிகா ஆசுப்பத்திரிக்கு வந்தது. நாளாந்தம் தோலைப் பாக்கச் சொன்னதாம். காந்தத்தை மாத்த வேண்டாமெண்டு சொன்னதாம். உன்னட்டைத்தான் சொன்னதாம். எழுதியும் தந்ததாம். எங்கை அந்தக் கடுதாசி?"

"எனக்கு நினைவில்லை."

அவன் அலுமாரியைத் திறந்தான். நகைப்பெட்டியைத் தூக்கினான். எடுத்து வாசித்தான், வாய்க்குள்ளேயே. பிறகு தங்கச்சியின் கையில் கொடுத்தான்.

ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். நின்றபடியே விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தாள். சிவந்தால் என்ற சொல்லில் நெடுநேரம் நின்றாள். கேட்காமல் என்ற சொல்லில் நின்றாள். முடித்ததும் கடுதாசியை மடித்து உதயகலாவின் நெஞ்சில் வைத்தாள்.

"உங்களுக்கு நல்லா வாசிக்கத் தெரியும் தானே, மச்சாள்."

அதே பலகைக் குரல்.

உதயகலா கதைக்கத் தொடங்கினாள். தான் மறந்துபோனதாக, தலையில் அடைப்பு வந்தபிறகு ஒன்றும் நினைவில் நிற்பதில்லை என்று, கடவுளாணையாகச் சொன்னாள். அழுதாள். முன்னம் கத்தின கத்து இப்போது அவளிடம் இல்லை. வாயைப் பார்த்தால்தான் றஜிதாவுக்கு விளங்கும். றஜிதா அவளுடைய வாயைப் பார்க்கவில்லை. கட்டில் காலைப் பார்த்தாள். பிறகு திரும்பிக் குசினிக்குப் போனாள்.

ஆவணியில் லவீனா சுதாகரனுக்குப் போன் எடுத்தாள். "கோண்டாவிலிலை இருந்து ஒரு பிள்ளையை எடுத்திட்டன், அண்ணை. கேக்காத ஆளை மெசினிலை இருத்த எனக்குத் துணிவில்லை. பாவமெண்டு பாக்க ஏலாது. கோவியாதைங்கோ" என்றாள். தம்பிராசா மாமாவுக்கும் விஷயம் போனது. "இனி என்னாலை ஏலாது, அவ்வளவையும் குடுத்து ஒரு தோலைப் பாக்க ஏலாமல் போச்சே உங்களுக்கு?" என்று ஏசிவிட்டு வைத்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கதையும் நின்றுவிட்டது.

சுதாகரன் சம்பளத்துக்கு ஆள் பிடிக்கவில்லை. றஜிதா நிற்கும்போது எதற்கு என்றான். அவனும் இப்போது தோட்டத்துக் கொட்டிலிலேயே படுக்கிறான். சாப்பாட்டுக்கு மட்டும் வருவான். உதயகலா நினைத்தது நடந்தது. றஜிதா போகவில்லை.

காலமை ஆறு மணிக்கு றஜிதா அறைக்குள் வருகிறாள். கழுவித் துடைத்து உடுப்பு மாற்றுகிறாள். எட்டுக்குத் தீத்துகிறாள். மத்தியானம் ஒன்றுக்கு, பின்னேரம் ஆறுக்கு. ஒருநாளும் பிந்தியதில்லை, ஒருநாளும் முந்தியதும் இல்லை. முதுகில் புண் வரவிடாமல் பக்கம் மாற்றிப் போடுகிறாள். ஊரில் வந்து பார்க்கிறவர்கள், "இப்பிடி ஒரு மச்சாள் கிடைக்கக் குடுத்துவைச்சிருக்கவேணும், கலா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். உதயகலா அவர்களுக்கு ஏதோ சொல்லப் பார்ப்பாள். அவர்கள் அவளுடைய கையைத் தடவிவிட்டு எழும்பிவிடுவார்கள்.

ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில், எட்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் உதயகலா கூப்பிடுவாள். தண்ணி விடாய்க்கும். கால் விறைக்கும். சில நேரம் பீயிலும் மூத்திரத்திலும் கிடப்பாள். கூப்பிடுகிற சத்தம் அறைவாசல் மட்டும்கூடப் போகாது. கட்டிலின் வலது பக்கத்தில் இருந்த வெங்காயச் சுளகும் இப்போது இல்லை. றஜிதா வருகிற நேரம் வந்தால் அவளுடைய முகத்துக்கு நேரே வாயை அசைத்து அசைத்துச் சொல்லுவாள். றஜிதா துவாயைப் பிழிந்துகொண்டு, தோளைத் துடைப்பாள், கழுத்தைத் துடைப்பாள், வாயையும் துடைப்பாள். முகத்தைப் பார்க்கமாட்டாள்.

றஜிதா இப்போது அச்சுவேலியில் அந்தக் கல்வீட்டில்தான் இருக்கிறாள். குசினிக்குப் பக்கத்து அறையில் படுக்கிறாள்.